ஒன்பதாம் டிரம்

அன்று காலைக் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மேலாளர். அவருக்கு வலப்பக்கம், நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்துக்கொண்டு, முலாம் பிரிவு ஃபோர்மேன். இடப்பக்கம், பதினோரு வருடமாகப் பெரியவள் உட்கார்ந்த நாற்காலியில், சின்னவள். லாரி டிரைவர் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே கிடந்த ஸ்டூலில், முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, பெரியவள்.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி. வீட்டில் கூப்பிடுகிற பெயரே தொழிற்சாலையிலும் ஒட்டிக்கொண்டது. இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசியபின் மிஞ்சுகிற அமிலம், காரம், விஷக் கசடு எல்லாம் டிரம் டிரம்மாகச் சேரும் கழிவு ஷெட் பெரியவளின் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு முன் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சின்னவளை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான்.

"நாப்பது டிரம் இருந்த எடத்துல இப்ப இருபத்தாறு" என்றார் மேலாளர். "நீங்க காய்ச்சல்ல படுத்திருந்த ரெண்டே நாள்ல, அரையும் கொறையுமா கெடந்ததையெல்லாம் இனம் பாத்து ஒண்ணாச் சேத்துட்டாங்க. இந்தத் தடவை ஒரே லோடு."

"ரெண்டு மருமகளும் ஒரே ஷெட்டுல இருந்தும் இதுவரைக்கும் ஒரு டிரம் வெடிக்கல சார். அதுக்கே ஒரு பரிசு குடுக்கணும்" என்றார் ஃபோர்மேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

"லெட்டரை மட்டும் வழக்கம்போல நீங்களே எழுதிருங்க. உங்க கையெழுத்துக்கு ஈடு ஏது?" என்றார் மேலாளர் பெரியவளிடம். "கீழ, கழிவுப் பொறுப்பாளர்னு வர்ற எடத்துல, இனிமே சின்னவங்க பேரு."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவுகூடப் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. ஆடியிருந்தால் திட்டலாம், அடக்கத்தை என்ன சொல்லித் திட்டுவது? ஷெட்டில் எதன் எரிச்சலையும் அளக்க ஒரு தாள் உண்டு, தொட்டால் நிறம் மாறும். இந்த எரிச்சலுக்கு எந்தத் தாளும் இல்லை.

அந்தக் கடிதம் சாதாரணக் கடிதம் அல்ல. கழிவைச் சுத்திகரிக்கும் ஆலைக்கு லாரியோடு போவது. எந்த டிரம்மில் என்ன, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று வரிசை எண் போட்டு எழுதுவாள். ஆலைக்காரர்கள் மற்ற கம்பெனி டிரம்களைத் திறந்து சோதிப்பார்கள். இவள் கடிதம் இருந்தால் சோதிப்பதை விட்டுப் பல வருடமாயிற்று. "அந்தம்மா எழுதினா எழுதினதுதான்" என்று அங்கே சொல்வதாக டிரைவர் ஒருமுறை வந்து சொன்னபோது, அதை வீட்டில் நாலு பேரிடமும் சொல்லிக்காட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் பெரியவள் லாரியில் ஏறி, டிரம் எண்களைச் சரிபார்த்தாள். ஒன்பதுக்குப் பிறகு பன்னிரண்டு இருந்தது. பத்தையும் பதினொன்றையும் காணோம். ஷெட்டுக்குப் பின்னால் காலி டிரம்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பதினொன்றின் அடிப்பக்கம் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

பதினொன்றின் மேல் ஒட்டியிருந்தது 'காரக் கழிவு நீர்'. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் தொட்டி கழுவியபோது ஒரு வாளி சயனைடு கசடு அதில் போயிற்று. உடனே சிவப்பு லேபிள் ஒட்டவேண்டும் என்பது விதி. அவள் ஒட்டவில்லை, அடியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டாள். அவளுக்கு மட்டும் தெரிந்த குறி அது. லோடு ஏறும் நாள் காலையில் நினைவிலிருந்து சிவப்பு லேபிள் ஒட்டிவருவாள். சின்னவள் வந்த ஒரே மாதத்தில் எல்லா லேபிள்களையும் கற்றுக்கொண்டாளே, அந்த மாதம் தொடங்கிய பழக்கம். தான் இல்லாமல் ஒரு லாரி நகரக்கூடாது.

சயனைடு காரத்தோடு கிடக்கும்வரை தூங்கும். அமிலம் பட்டால் எழுந்துகொள்ளும். ஆவியாக எழுந்து, பக்கத்தில் நிற்கிறவன் மூச்சை நிறுத்திவிடும். காரக் கழிவு போய்ச் சேர்ந்ததும் ஆலையில் முதலில் செய்வது, அதில் அமிலம் ஊற்றுவதுதான்.

"பதினொண்ணை எதுல ஊத்துன?"

சின்னவள் தார்ப்பாய்க் கயிற்றை விட்டுவிட்டு வந்தாள். "ஒன்பதுலக்கா. ரெண்டும் காரம்தானே. அடியில ஏதோ கோடு இருந்துச்சு. காய்ச்சல்ல கெடக்கிறவங்கள எழுப்பிக் கேக்க வேணாம்னு தொடச்சிட்டேன். ஏன்க்கா?"

"ஒன்பதுக்குச் சிவப்பு லேபிள் ஒட்டு."

"சிவப்பா?" என்றாள் சின்னவள். "ஐயோ, சயனைடாக்கா?"

பெரியவள் ஷெட் மேசைக்குப் போனாள். நகல்தாளை இடையில் வைத்து எழுதத் தொடங்கினாள். 'ஐயா, ஒன்பதாம் டிரம்மில் காரக் கழிவுடன் சயனைடு கசடு கலந்துள்ளது. எக்காரணம் கொண்டும் அமிலம் சேர்க்கக் கூடாது.' அடுத்த வரியில், 'கலந்தவர்' என்று எழுதிச் சின்னவளின் பெயரை எழுதினாள். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கோட்டைத் துடைத்தாயிற்று, கேட்க ஆள் இல்லை. நாளையே அந்த நாற்காலி காலியாகும்.

எழுதியதைப் படித்தாள். பதினோரு வருடக் கடிதங்களில் அவளுடையதல்லாத பெயர் இதுதான் முதல். ஆலையில் இதைக் கையில் வாங்கி, யார் இந்தப் புது ஆள் என்று பேசுவார்கள். ஒரு மாதம் பேசுவார்கள். அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். தாளைக் கிழித்தாள்.

இரண்டாம் தாளில் முதல் வரிகள் அப்படியே. பிறகு: 'பதினொன்றாம் டிரம்முக்குச் சிவப்பு லேபிள் ஒட்டாமல் சாக்பீஸ் குறி மட்டும் போட்டவள் நான். வேறு யாருக்கும் அதன் பொருளைச் சொல்லவில்லை. இனி என் கடிதத்தை நம்பி எந்த டிரம்மிலும் சோதிக்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.' கீழே தன் பெயர். அதன் கீழே, கழிவுப் பொறுப்பாளர்.

லேபிளை ஒட்டிவிட்டு வந்து, தோளுக்குப் பின்னால் நின்று படித்த சின்னவள், பெரியவளின் பேனாக் கையைப் பிடித்தாள். "அக்கா, நகல் மேனேஜருக்குப் போகுமே. வேலையே போயிரும். ஊத்துனது நான்தானே? என் பேரையும் போடுங்க."

"உனக்குத்தான் காலையில ஒரு பேரு கெடச்சுதுல்ல?" என்றாள் பெரியவள், திரும்பாமல். "இது என்னோடது."

நகலை உருவித் தனியே வைத்தாள். கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசையை விளிம்பு முழுவதும் விட்டுப்போகாமல் தடவி, ஒட்டிய இடத்தைக் கை முஷ்டியால் அழுத்திக்கொண்டே எழுந்து போனாள். "குடுத்துட்டு, பிரிச்சுப் படிச்சாங்களான்னு பாத்துட்டு அப்புறம் டிரம்மை எறக்குங்க" என்றாள் டிரைவரிடம். அவர் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பை சின்னது, உறை பாதிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. லாரி வாசலில் திரும்பும்போது, அந்த வெள்ளை விளிம்பு அவர் தாடையில் இடித்துக்கொண்டே போனது.