துணியில் இருந்த கேப்டன்

ஜனாதிபதியின் முகம் இல்லாத துணி ஒன்றுகூட வீட்டில் இல்லை என்பது பெலாஜிக்கு அன்று காலையில்தான் உறைத்தது. இருக்காதா பின்னே? முப்பத்தெட்டு வருட ஆட்சி. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் கட்சி மகளிர் அணி ஆளுக்கொரு துணி கொடுக்கும். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு போய் ஆட வேண்டும். பெட்டியைத் திறந்தால் வரிசையாக அவர்தான். ஜெனரலாக, அரசியல் சட்டத்தைத் திருத்தியவராக, எதிர்த்தவர்களெல்லாம் ஓடியோ செத்தோ போன பிறகு தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் ஜெயித்தவராக, மார்ஷலாக. பட்டம்தான் ஏறிக்கொண்டே போனது. முகத்துக்கு மட்டும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஏறவே இல்லை.

அன்று அவர் அவள் ஊரான மொசேங்காவுக்கு வருகிறார். பெரிய மனிதர் வரும்போது பெண்கள் மேலே சுற்றிய துணியை அவிழ்த்து வழியில் விரிப்பது அந்த ஆற்றங்கரை வழக்கம். ஒருத்தியின் துணியருகே வந்து நின்றவர் அவள் கேட்கும் ஒன்றை மறுக்கக் கூடாது. பெலாஜிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அவள் மகன் லூசாலா. பல்கலைக்கழகச் சுவரில் 'போதும், வீட்டுக்குப் போங்க' என்று எழுதியதற்காக இரண்டு வருடமாக உள்ளே கிடக்கிறான். போன மாதம் பார்த்தபோது இருமலில் ரத்தம் வந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்க மாட்டான் என்று சிறைக் காவலரே சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் முகத்தைத் தரையில் போட்டு அவரையே நடக்கச் சொல்ல முடியுமா? அந்த முகத்தில் மண் பட்டாலே ஆறு மாதம் உள்ளே போட்டுவிடுவார்கள்.

கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தாள். முதல் வருடத்துத் துணி. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. ஒல்லியான கேப்டன் ஒருவர் பழைய ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு வானொலியில் பேசினார். ஊரே தெருவில் ஆடியது. பெலாஜியும் கால் வீங்க ஆடினாள், மனதார ஆடினாள். துணியில் கேப்டனின் படம், கீழே அவர் கொடுத்த வாக்கு: 'ஐந்தே வருடம். பிறகு வீடு திரும்புவேன்.' ஆறாவது வருடம் சிப்பாய்கள் வீடு வீடாக வந்து அந்தத் துணிகளைப் பிடுங்கி எரித்தார்கள். அவள் ஒன்றை மறைத்துவிட்டாள். லூசாலா பிறந்தபோது உட்புறத்தை வெளியே திருப்பி, அதில்தான் அவனை முதுகில் கட்டிச் சுமந்தாள். பின்பக்கம் வெறும் வெளிறிய நீலம். அதே மாதிரி விரித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

மைதானத்தில் மகளிர் அணித் தலைவி ரேஜின் அவளைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தாள். கைதியைப் பெற்றவளுக்கு முன்வரிசை ஒரு கேடா என்றுகூடக் கேட்டாள். பெலாஜி நகரவில்லை.

கார் வந்து நின்றது. இரண்டு பேர் முழங்கையைப் பிடித்து ஒரு கிழவரை இறக்கினார்கள். அவர்தானா என்று பெலாஜி உற்றுப் பார்த்தாள். இருபது வருடமாக அவரைத் துணியில் மட்டுமே பார்த்திருந்தாள். அவசரமாக அவள் துணியை உதறினாள். உதறிய வேகத்தில் அது புரண்டு, படம் மேலே தெரிய விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. வரவேற்க நின்ற மாகாண ஆளுநரின் முகம் வெளுத்தது. சிப்பாய்கள் இருவர் முன்னே வந்தார்கள். செத்தேன், என் பிள்ளையும் செத்தான் என்று பெலாஜி நினைத்தாள்.

ஜனாதிபதி துணியருகே வந்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இந்தப் பையன்?"

நீங்கள்தான் என்று யார் சொல்வது?

"உன் மகனாம்மா?"

பெலாஜி அவர் கண்ணைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"ஆமாப்பா. என் மகன்தான். உள்ள வச்சிருக்காங்க."

"அப்படி என்ன செஞ்சான்?"

படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் காட்டினாள். "இதத்தான் சொன்னான். போதும், வீட்டுக்குப் போயிரணும்னு."

அவர் உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். "சரியாத்தானே சொல்லியிருக்கான்?" என்று ஆளுநரிடம் திரும்பினார். "நல்ல முகம்யா இவனுக்கு. இன்னைக்கே விட்டுருங்க."

பிறகு, சின்னப் பையன் முகத்தில் கால் படக் கூடாது என்று முணுமுணுத்தபடி துணியை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்.

ஊர் அறிய அவர் வாயால் சொன்னதை மீற ஆளுநருக்குத் துணிவு இல்லை. சாயங்காலமே ராணுவ வண்டி ஒன்று லூசாலாவை வீட்டு வாசலில் இறக்கியது. கூட வந்த அதிகாரி அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று எதுவுமே நடக்கவில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை கிடைத்தானே, அவளுக்கு அது போதும்.

மறுவாரம் ரேஜின் புதுத் துணி கொண்டுவந்தாள். அதே நாற்பத்தைந்து வயது முகம். கீழே, 'இன்னும் ஏழு வருடம்.'

"இன்னும் ஏழு வருஷம் வேணுமாம்மா அவருக்கு?" என்று கசப்போடு கேட்டான் லூசாலா.

பெலாஜி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவருக்குத் தன் மூஞ்சியே தெரியலடா," என்றாள். "ரெண்டு வருஷமா தினம் அவரைத்தான் சபிச்சேன். அங்க சபிக்கக்கூட ஆள் இல்லடா."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக அந்தப் புதுத் துணியை இடுப்பில் சுற்றி அளவு பார்த்தாள்.