தனலெட்சுமியின் நத்தைகள்

மகள் தனலெட்சுமி இந்தியாவுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப்போனது இரண்டு நத்தைகளை. பசறை வயலில் பிடித்தவை. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழப் பருமன். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பேட்டரியின் கண்ணாடித் தொட்டியைக் கழுவி, மணல் போட்டு, மூன்று வருசம் வளர்த்தாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் அவள் பெயரும் புருசன் பெயரும் வந்தன. எங்கள் பெயர் வரவில்லை. ரயிலேறும்போதும், "அப்பா, வாரத்துக்கு ஒருக்கா தண்ணி மாத்துங்க. கீரைய நல்லா அலசிப் போடுங்க" என்றுதான் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நான் தேயிலைக்குச் செம்பு மருந்து அடிக்கிறவன். மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புள நோய் விழும், அடித்தே ஆக வேண்டும். அவள் போன பிறகு வந்த மழையில், லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வருகிற பீலி உடைந்து தண்ணீர் நின்றுபோனது. மருந்து கரைக்கிற வாளியை மூன்று தரம் கழுவி, ஓடையில் மொண்டு வந்து தொட்டியை நிரப்பினேன். மூன்று தரம் கழுவினால் போதும் என்று எந்த மடையன் சொன்னான்? நான்தான்.

நத்தைகள் ஓட்டின் மூடியைச் சாத்திக்கொண்டு அடியில் கிடந்தன. தூங்குகின்றன என்று நினைத்தேன். நாலாம் நாள் என் மனைவி பெரியாயி தொட்டிக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்தினாள்.

"எந்த வாளியிலங்க தண்ணி கொண்டாந்தீங்க?"

சொன்னேன். அவள் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. இரண்டையும் தேயிலைத் தூரில் புதைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனேன்.

கோத்தகிரியில் இருக்கிற அவளிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். "நான் நல்லா இருக்கேன். நத்தை நல்லா இருக்கா?" அவ்வளவுதான் இருக்கும். முன்பெல்லாம் நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். கண்ணாடியில் ஏறியது, மூச்சுக்குழலை நீட்டியது, முருங்கைக் கீரையைத் தொடவில்லை. புதைத்த பிறகு, "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதிப் போட்டேன். ஐந்து மாதம் கை தானாக எழுதியது.

நேற்று வந்ததைப் பெரியாயிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, இப்பல்லாம் நல்லா இருக்குங்கிறதோட நிப்பாட்டிடுறீங்க. செத்திருந்தா செத்துருச்சுன்னே எழுதுங்கப்பா. அப்புறம் நானும் இங்க உள்ளத உள்ளபடி எழுதுறேன்."

பெரியாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் காகிதம் எடுத்து, செத்துவிட்டன, கொன்றது நான்தான் என்று எழுதி ஒட்டினேன்.

தபால்பெட்டி வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்துவிட்டேன். போட்டால் அவளும் உள்ளபடி பதில் எழுதிவிடுவாள்.