ஜப்பான்காரன் தெளித்த பன்னீர்

மீனாட்சிபுரத்தில் தென்னந்தோப்பும் நாலு எருமையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டிய மனுஷன் ஆறுமுகசாமி. யார் கண் பட்டதோ, எழுபத்திமூன்றாம் வருஷம் பொள்ளாச்சியில் முடிவெட்டப் போன இடத்தில் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிவிட்டான். ஜப்பானில் சிலபேர் வேலை முடிந்து வந்து கொட்டகையில் உட்கார்ந்து இரும்பு மனுஷன் செய்கிறார்களாம். ஒன்று மேளம் அடிக்கிறதாம், ஒன்று தேநீர் கொண்டுவருகிறதாம். எதற்கு? சும்மா, பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான்! அந்தச் ‘சும்மா’ அவனைப் பிடித்து ஆட்டிவிட்டது.

தார் டிரம் இரண்டைப் பற்றவைத்து உடம்பு. பால் கேனைக் கவிழ்த்துத் தலை. டார்ச் பல்பு கண்கள். லாரியில் மழைக்குக் கண்ணாடி துடைக்கும் மோட்டாரும் ஒரு பேட்டரியும்தான் உயிர். சுவிட்சைப் போட்டால் தலையைத் திருப்பும், கும்பிடும், சொம்பிலிருந்து பன்னீர் தெளிக்கும். மாரியம்மன் நோம்பித் திருவிழாவன்று கோயில் வாசலில் நிறுத்தி ஊரையே வாய்பிளக்க வைக்கவேண்டும் என்பது அவன் ஆசை. அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாதென்று மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தான்.

அது ஆடியதைப் பார்த்தவள் அவன் பெண்டாட்டி செல்லாத்தாள் ஒருத்திதான். முதல் தடவை கும்பிட்டபோது, “அய்யோ சாமி, எனக்கா கும்புடறான்?” என்று தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜப்பான்காரன் என்று பேர் வைத்ததும் அவளேதான்.

நோம்பியன்று விடியற்காலையில் தீர்த்தம் எடுக்க ஆற்றுக்குப் போன ஆறுமுகசாமி, அங்கிருந்து நேரே கோயிலுக்கு வந்துவிட்டான். ஜப்பான்காரனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் மச்சினன் நஞ்சப்பன். அவன் நோம்பிக்கென்று அன்று காலையில்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தான்.

“அக்கா எங்க மாப்ளே?”

“மாவிளக்கு இடிச்சுட்டுப் பொறவு வருதுங்க மாமா” என்றான், முகத்தைப் பார்க்காமல்.

பறைச் சத்தம் காதைப் பிளந்தது. ஜப்பான்காரன் தலையைத் திருப்பினான், கும்பிட்டான், பன்னீர் தெளித்தான். பெண்டுகள் கிரீச்சென்று கத்தினார்கள், பெரியவர்கள் மேல்துண்டை விசிறினார்கள். தோள்பட்டையில் எப்போதும் ஒரு வெட்டு வெட்டி நிற்கும் அதன் வலதுகை அன்றைக்கு எண்ணெய் போட்டதுபோலப் போயிற்று. ஆத்தாளே கை வைத்துவிட்டாள் என்று ஆறுமுகசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அட பைத்தியக்காரா!

பங்காளி ஈஸ்வரமூர்த்திக்குப் பொறுக்குமா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஏண்டா, உள்ளார ஆரக் குந்த வெச்சிருக்கறே?”

“ஆருமில்லீங்ணா, மோட்டாருதானுங்க.”

“அப்பத் தொறந்து காட்டு.”

திறந்து காட்டியிருந்தால் கதை வேறு. ஆனால் இத்தனை பேர் முன்னால் என் வார்த்தையை நம்பமாட்டாயா என்று அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “கற்பூரத்தைப் பத்த வெய்யுங்க” என்றான். அம்மனுக்கு நேராக நின்று, உள்ளே ஆள் இல்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தான். அதற்குமேல் அந்த ஊரில் பேச்சு கிடையாது. ஈஸ்வரமூர்த்தியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்வாங்கினார்.

சாயங்காலம், நஞ்சப்பன் ஜப்பான்காரனைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன பிறகு கொட்டகையில், மோட்டார் சூடேறியிருக்கிறதா பார்ப்போம் என்று முதுகுத் தகரத்தைத் திறந்தான். கருகிய நாற்றம் குப்பென்று அடித்தது. ஒயர் முழுக்கக் கரி. அடியில் பச்சை வளையல் துண்டுகள் கிடந்தன.

செல்லாத்தாள் அடுப்படியில் இருந்தாள். முழங்கையில் தகரம் கிழித்த காயம்.

“நீங்க ஆத்துக்குப் போன பொறவு இன்னொருக்காப் பாக்கலாம்னு சுவிச்சப் போட்டனுங்க. பொகைஞ்சு போச்சு. ஊரே சிரிக்குமேன்னு பயந்து, நஞ்சப்பன விட்டு மூடச் சொல்லி உள்ள குந்திட்டனுங்க. உங்க மானத்துக்காகத்தானுங்க…”

“அது போவட்டும். டிரம்மு ஓட்டை வழியா என்னையப் பாத்தியா?”

“பாத்தனுங்க.”

“கற்பூரம் அணைக்கையில?”

ஆமென்று அவள் தலையை ஆட்டினாள். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். டிரம்மை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். கை வெந்த வலி அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை.

மறுநாள் மஞ்சள்நீர் விளையாட்டு. கோயில் வாசலில் ஊர்சனம் கூடியிருந்தபோது ஆறுமுகசாமி நடுவில் போய் நின்றான்.

“நேத்து உள்ளார ஆள் இருந்துச்சுங்க. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் அணைச்சது பொய்ச் சத்தியமுங்க.”

ஈஸ்வரமூர்த்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். “நான் சொல்லல? ஆருடா அது?”

“அது வேண்டாங்ணா. நேத்து மட்டுந்தானுங்க ஆள். அதுக்கு முந்தியெல்லாம் அது தானாத்தான் ஆடுச்சு.”

“ஆரு பாத்தது?”

மோட்டாரை மாற்றி நாளைக்கே ஆட்டிக் காட்டலாம்தான். அவனுக்கு வேண்டியது அதுவல்ல. நேற்று வரைக்கும் இவன் பொய்யன் இல்லை என்று இன்றைக்கு ஒருத்தர் சொல்லவேண்டும். பெண்கள் கூட்டத்தில் மஞ்சள்நீர்க் குடத்தோடு செல்லாத்தாள் நின்றிருந்தாள்.

“நீ சொல்லு செல்லாத்தா” என்றான்.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின. வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். டிரம்முக்குள் குந்தியிருந்தவள் என்று சாகும்வரை கூப்பிடுவார்கள். குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள்.

“எனக்கென்னங்க தெரியும்? அவிய கொட்டாய்ல என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் அந்தப் பக்கமே போனதில்லீங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஈஸ்வரமூர்த்தி ஒரு செம்பு மஞ்சள்நீரை ஆறுமுகசாமியின் தலையில் ஊற்றி, “அட போடா, நோம்பியில இதுவும் ஒரு வெளையாட்டு” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்துக்கொண்டு, “நெசமாவே உன்ற பொண்டாட்டி பாத்ததில்லியா?” என்று கேட்டார்.

மஞ்சள்நீர் கண்ணில் இறங்கி எரிந்தது. அம்மன் சன்னதி திறந்துதான் இருந்தது. செல்லாத்தாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லீங்ணா” என்றான் ஆறுமுகசாமி. “அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க.”