டவர் வளைவில் ஒரு பிரசவம்

படாரென்று ஒரு சத்தம். சேனாதிபதி பிரேக்கை மிதித்த வேகத்தில் ஜீப் ஒருமுறை துள்ளி நின்றது. மூடுபனியில் என்ன விழுந்ததென்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. இலை கசங்கிய வாசனை உள்ளே வந்த பிறகுதான் புரிந்தது. பெரிய யூக்கலிப்டஸ் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து, கொடைக்கானல் போகும் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஜீப்பின் பின்பக்கம், பூண்டு மூட்டை ஏற்றும் இடத்தில் மெத்தை விரித்துப் படுத்திருந்த தேவசேனா அந்தச் சத்தத்துக்குக்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. கிளாவரை கிராமத்தில் ஜீப் ஏறியபோது வலி விட்டுவிட்டு வந்தது. இப்போது விடவே இல்லை. அவள் தலையை மடியில் வைத்திருந்த மாமியார் அன்னக்கொடி, எதிரே இருந்த கிராம நர்ஸ் மிஸ்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

மிஸ்பாவுக்கு அந்தப் பார்வை பிடிபட்டது. இனி கொடைக்கானல் ஆஸ்பத்திரி இல்லை. பிள்ளை இந்த ஜீப்பில்தான் பிறக்கும். எடுக்கப்போவது அவள்தான்.

சேனாதிபதி இறங்கிப் போய் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். அரிவாளால் ஆகிற சோலி இல்லை, ரம்பம் வர வேண்டும் என்றான்.

மிஸ்பா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, வண்டியைப் பின்னால் எடுத்து டவர் வளைவில் நிறுத்தச் சொன்னாள்.

மேல்மலையில் அந்த வளைவைத் தெரியாதவர்கள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் அங்கே ஒரு பாறை ஓரத்தில் மட்டும்தான் செல்போன் டவர் கிடைக்கும். காய்கறி விலை கேட்கிறவர்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். மூன்று மாதமாக மிஸ்பாவும் ஒரு கோர்ஸுக்காக அங்கே நின்றாள். பச்சைக் குழந்தையின் மூச்சைக் காப்பாற்றும் ஆன்லைன் கோர்ஸ் அது. குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாடமாகப் பார்த்தாள். சேனாதிபதி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்து, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேலி செய்வான்.

கடைசிப் பாடம் மட்டும் ஓடவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு சாயங்காலம் நின்று பார்த்தாள். அதற்குள் நர்ஸுகளின் வாட்ஸப் குரூப்பில் தேர்வுக்கான விடைகள் வந்துவிட்டன. ஒன்றுக்கு பி, இரண்டுக்கு டி. அப்படியே தட்டினாள். சர்டிஃபிகேட் வந்தது. டாக்டர் பழனிக்குமார் அதை அச்செடுத்து, நூற்றுக்கு நூறு வாங்கிய தன்னுடைய சர்டிஃபிகேட்டுக்குப் பக்கத்திலேயே கொடைக்கானல் பக்கம் டவர் உள்ள ஊரில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் ஒட்டிவிட்டார். கோர்ஸை முடிக்காத நர்ஸுகளை அவர் மீட்டிங்கில் எழுந்து நிற்கச் சொல்வார்.

வளைவில் வண்டி நின்றதும் மிஸ்பா அவருக்குத்தான் போன் போட்டாள். மரம் விழுந்ததைச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸை இறக்கிவிட்டு வந்துகொண்டிருக்கிறது, வந்ததும் ஏறிவிடுகிறேன், அதுவரை போனை வைக்க வேண்டாம் என்றார் அவர். மிஸ்பா ஸ்பீக்கரைப் போட்டு அன்னக்கொடியின் கையில் கொடுத்தாள்.

பிள்ளை வெரசாகவே வந்துவிட்டது. ஆண் குழந்தை.

அழவில்லை.

மிஸ்பா துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை ஈரத் துணிபோல அவள் கையில் தொய்ந்து கிடந்தது. உதடு நீலமாக இருந்தது. தொப்புள்கொடியைக் கத்தரித்து, பக்கத்துப் பலகையில் குழந்தையைக் கிடத்தினாள். கழுத்து நிமிரட்டுமென்று, கைக்கு அகப்பட்ட கம்பளிச் சால்வையை மடித்துத் தோளுக்கு அடியில் திணித்தாள். பிரசவப் பையிலிருந்த சின்ன முகமூடியை எடுத்து வாயும் மூக்கும் மூடும்படி வைத்து, அதோடு இருந்த காற்றுப் பையை அமுக்கினாள்.

நெஞ்சு ஏறவில்லை.

மறுபடி அமுக்கினாள். காற்று எங்கேயோ போனது. குழந்தைக்குள் போகவில்லை.

"என்ன தாயி, சத்தத்தைக் காணோம்?" என்றாள் தேவசேனா, கண்ணைத் திறக்காமலே.

அன்னக்கொடி குனிந்து பார்த்தாள். "போனைப் பாத்துப் படிச்ச படிப்பு தானே உனக்கு? இதுல என்ன செய்யணும்னு அதுல சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். நெஞ்சு ஏறாவிட்டால் என்ன செய்வது. கடைசிப் பாடத்தின் தலைப்பே அதுதான். வட்டம் சுற்றிக்கொண்டிருந்த திரையில் அந்தத் தலைப்பு மட்டும் இரண்டு நாளும் அப்படியே நின்றது. மிஸ்பா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். இதயம் துடித்தது. ஆனால் மெதுவாக, எந்த நேரமும் நின்றுவிடுவதுபோல.

சுவரில் ஒட்டிய காகிதம் ஞாபகம் வந்தது. அது போனால் போகட்டும்.

"சார், காத்து உள்ள போகல. அந்தக் கடைசிப் பாடத்த நான் பாக்கல சார். விடைய மட்டும் பாத்து எழுதிட்டேன். என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. சொல்லுங்க."

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று சேனாதிபதி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான்.

"இருங்க" என்றது டாக்டரின் குரல்.

எதையோ படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அவருக்குப் பின்னால் ஒரு பெண் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பேசினாள். நிதானமான, பதற்றமே இல்லாத குரல். கொடைக்கானலிலிருந்து குழந்தை டாக்டர் யாரோ வந்திருக்கிறார் என்று மிஸ்பாவுக்கு உயிர் வந்தது.

முகமூடியை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார் பழனிக்குமார். ஓரத்தில் காற்று கசியாமல் இரண்டு விரலால் வளைத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். அமுக்கினாள். ஏறவில்லை.

"இருங்க."

மறுபடி அந்தப் பெண்ணின் குரல். அது முடியும்வரை பொறுத்துப் பொறுத்துத்தான் அவர் பேசினார். அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் பிள்ளையின் உதடு இன்னும் கறுத்துக்கொண்டே போவதாக மிஸ்பாவுக்குப் பட்டது. வளைவுக்குக் கீழே பள்ளத்திலிருந்து பனி மேலேறி வந்து ஜீப்பின் கண்ணாடிகளை அடைத்தது. சேனாதிபதி உள்விளக்கைப் போட்டான். அன்னக்கொடியின் கையில் போன் ஆடியது. அது ஆடினால் டவர் போய்விடுமோ என்று பயந்து, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தோளுக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

கம்பளிச் சால்வை என்றாள். எவ்வளவு கனம் என்று கேட்டார். அப்போதுதான் மிஸ்பா பார்த்தாள். மடித்த சால்வை தலையணை உயரம் இருந்தது. குழந்தையின் தலை பின்னால் சரிந்து, கழுத்து அளவுக்கு மீறி வளைந்து கிடந்தது. காற்று போகிற வழியை அவளே மடக்கி வைத்திருந்தாள்.

சால்வையை உருவி எறிந்தாள். மெல்லிய துணி ஒன்றை, விரல் கனத்துக்கு மடித்து வைத்தாள். மூக்கு நேராக மேலே பார்க்கட்டும், வாய்க்குள் இருப்பதைத் துடையுங்கள், வாய் சற்றுத் திறந்திருக்கட்டும் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். முகமூடியை வைத்தாள். அமுக்கினாள்.

நெஞ்சு ஏறியது.

சின்ன அசைவுதான். இறங்கியது. திரும்ப ஏறியது. மிஸ்பா வேறு எதையும் பார்க்கவில்லை. நீலம் மெல்ல விலகி உதட்டில் சிவப்பு படர்ந்தது. கால் ஒன்று உதைத்தது. பிறகு, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அதற்குப் பின்னால் அழுகை.

தேவசேனா எழுந்திருக்கப் பார்த்தாள். அன்னக்கொடி போனை மெத்தையில் போட்டுவிட்டு மருமகளைக் கட்டிக்கொண்டாள். சேனாதிபதி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மாப்பிள்ளை கேலி இனி அவன் வாயில் வராது.

நஞ்சுக்கொடி விழுந்து, ஊசி போட்டு, தாயும் பிள்ளையும் ஒரே போர்வைக்குள் சூடாகக் கிடந்தபோது, பனிக்குள்ளிருந்து டார்ச் வெளிச்சம் வந்தது. ஆம்புலன்ஸை மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, கிளைகளுக்கு இடையே புகுந்து டாக்டர் நடந்தே வந்திருந்தார். பேன்ட் முழங்கால்வரை சேறு. ஜீப்புக்குள் ஏறி, குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

சர்டிஃபிகேட்டைப் பற்றிக் கேட்பார் என்று மிஸ்பா காத்திருந்தாள். கேட்கவில்லை. அவளே பேசினாள். "பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுத்தாங்களே, அந்த டாக்டரம்மா யாரு சார்? நேர்ல பாத்து நன்றி சொல்லணும்."

பழனிக்குமார் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

"டாக்டரம்மா யாரும் வரல சிஸ்டர். அது கோர்ஸ்ல வர்ற குரல். அந்தக் கடைசிப் பாடத்த நானும் இன்னிக்குத்தான் மொதத் தடவையா பாத்தேன்."