பச்சைக் கோடு

மீனை வாங்கிக் குளிர் அறையில் வைத்திருந்து கம்பெனிக்கு ஏற்றிவிடும் கொட்டகை அண்ணனுடையது. தரம் பிரிப்பது தங்கச்சி. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை ஒரு விரலால் அமுக்குவாள், ஆகும் ஆகாது என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக அவள் சொன்னதுதான் அங்கே சட்டம்.

பக்கத்துக் கொட்டகைக்காரன் குளிரை அளக்கும் மெஷின் மாட்டினான். நிமிஷத்துக்கு நிமிஷம் அது கம்பெனிக்காரர்கள் போனுக்கே கணக்கு அனுப்பும். மெஷின் இல்லாத இடத்தில் இனி மீன் எடுக்க மாட்டோம் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது. அண்ணன் அடித்துப் பிடித்து ஒன்று வாங்கி வந்தார். மீன் மேல் அக்கறை வந்து வாங்கவில்லை.

கரண்ட் போய்க் குளிர் குறையும்போதெல்லாம், போனில் மெஷின் காட்டும் பச்சைக் கோடு சிவப்பானது. இரண்டு முறை லாரி வெறுமனே திரும்பிப் போனது. ஜெனரேட்டர் வாங்குவார் என்று அவள் நினைத்தாள். அவரோ குளிரை அளக்கும் ஒயர் முனையை அறையிலிருந்து எடுத்து, சோடா வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் சொருகிவிட்டார். கோடு பச்சையாகி அசையாமல் நின்றது.

அடுத்த வாரம் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. செவுளெல்லாம் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கிடந்தது. அமுக்கிய விரல் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது.

"அண்ணே, நாப்பது பெட்டியும் போச்சு. புதைச்சிடலாம்."

அண்ணன் போனை நீட்டினார். "இங்க பாரு, பச்சை."

"எனக்கு மூக்கு இருக்குண்ணே."

"கம்பெனி உன் மூக்கையா கேக்குது?"

கம்பெனி அதிகாரி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று போனைப் பார்த்தார். "கோடு சூப்பர். ஏத்துங்க."

"சார், உள்ள வந்து ஒரு மீனைத் தொட்டுப் பாருங்க."

"அதுக்குத்தானேம்மா மெஷினே வெச்சது?"

அவள் கொட்டகைக்குள் ஓடினாள். தரை கழுவும் பினாயில் கேனைத் தூக்கி வந்து பெட்டி பெட்டியாக ஊற்றினாள். அதிகாரி வண்டி ஏறிப் போய்விட்டார்.

"கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சிட்டியேடி!"

"இது ஊரான் வயித்துக்குள்ள போறதுக்கு அது தேவலை."

கேனை வீசிவிட்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. இப்போது வேறொரு கொட்டகையில் தரம் பிரிக்கிறாள். அண்ணன் பேசுவதில்லை. வேலையாட்களைப் பார்க்க நாலு கேமரா மாட்டியிருக்கிறார் என்று அண்ணி வந்து சொன்னாள். யாரும் கேட்காமல், அவரே ஆசைப்பட்டு வாங்கியது அது மட்டும்தான்.

"குளிர் அறைப் பக்கம் கேமரா வெச்சிருக்காரா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது."

தங்கச்சி எழுந்து போய் வாசலில் காறித் துப்பினாள்.