அக்கா போட்ட பூட்டு

சுஜாதா செத்துப் பத்து மாதம் ஆகியும் அவளுடைய போன் மட்டும் நாள் தவறாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காரணம் அவள் பெண் தேஜு. நாலு வயதுப் பிள்ளைக்குப் பொம்மைப் படம் ஓடினால்தான் சோறு இறங்கும். போனைத் திறக்கும் நம்பர் தேஜுவின் பிறந்த நாள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். திரையின் இரண்டாம் பக்கத்து மூலையில் பேர் போடாத சாம்பல் நிறக் கட்டம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் ஒரு வட்டம் வந்து முகத்தைக் காட்டச் சொல்லும். காட்டினால், 'முகம் பொருந்தவில்லை' என்று சொல்லிவிட்டுக் கடவுச்சொல் கேட்கும்.

சுஜாதாவின் தங்கச்சி ஷாலினி அந்த வட்டத்துக்குத் தன் முகத்தைக் குறைந்தது நூறு தடவையாவது காட்டியிருப்பாள். கூடப் பிறந்தவள் முகம்தானே, ஏமாந்து திறந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. அது ஏமாறவில்லை. அம்மா பேர், ஊர்ப் பேர், குலதெய்வத்தின் பேர் என்று கடவுச்சொல்லாகவும் அடித்துப் பார்த்துவிட்டாள். திருத்தணி பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் கதிரவன், "பூட்டு போட்ட ஆப்பை எடுத்துட்டா உள்ள இருக்கறதும் சேந்து பூடும்மா. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று கையை விரித்தான்.

அவளுக்கு ஏன் அத்தனை அவசரம் என்றால், வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெங்கடேசன். அதாவது சுஜாதாவின் புருஷன், இவளுக்குப் பாவா, கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டுகிறவன். அக்கா போனால் அந்த இடத்துக்குத் தங்கச்சி என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் கூடி உட்கார்ந்து பேசுவதில்லை. கருமாதிப் பந்தலைப் பிரிக்கும்போதே சொந்தக்காரர்கள் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார்கள். இருந்தும் ஷாலினி நாலு மாதம் பிடி கொடுக்காமல் இருந்தாள். அப்போதுதான் வெங்கடேசன் அதைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம், பக்கத்தில் அவன் மட்டும் இருந்தபோது, சுஜாதா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "தேஜுவ ஷாலினி கையில குடு. நீயும் அவளையே கட்டிக்கோ."

அந்த நேரம் பார்த்து ஷாலினி வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருஷம் அக்காவின் கட்டிலை விட்டு நகராதவள், பிளாஸ்க்கோடு பத்து நிமிஷம் வரிசையில் நின்ற நேரத்தில் அக்கா பேசி முடித்துவிட்டாள். செத்தவள் சொல்லை மீற யாருக்குத் தைரியம் வரும்? சரி என்று சொல்லிவிட்டாள்.

சரி என்ற நாளிலிருந்து அக்கா வர ஆரம்பித்தாள்.

கனவில் வந்திருந்தால்கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அவள் பட்டப்பகலில் வந்தாள். குழாயடியில் குனிந்து பாத்திரம் தேய்க்கும்போது முதுகுக்குப் பின்னால் அக்காவின் அந்த வறட்டு இருமல் கேட்கும். திரும்பினால் கொடியில் துணி மட்டும் ஆடும். தேஜுவை உட்காரவைத்துத் தலை வாரும்போது, பக்கத்தில் இன்னொருத்தர் வந்து உட்கார்ந்ததுபோல் பாய் அழுந்தும். ஷாலினிக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட வெட்கம் அதிகம். அக்காவின் வீட்டை, புருஷனை, குழந்தையை எல்லாம் வாங்கிக்கொள்ளப் போகிறவள், அந்த அக்காவைப் பார்த்து நடுங்குவது எவ்வளவு அசிங்கம் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அக்கா எதையோ சொல்லத்தான் வருகிறாள், அது அந்தச் சாம்பல் கட்டத்துக்குள் இருக்கிறது என்று அவள் மனசுக்குப் பட்டுவிட்டது.

அக்கா அதைத் திறப்பதை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் விரல் வைத்துத்தான் திறந்துகொண்டிருந்தாள். மருந்து ஏற ஏற விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ரேகை மங்கிப்போயிற்று. ரேஷன் கடை மிஷின்கூட அவளை யாரோ என்றுவிட்டது. அதற்கப்புறம் முகப்பூட்டுக்கு மாறினாள். அப்போது அவள் தலையில் ஒரு முடி கிடையாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு நேரே தூக்குவாள். "இன்னாக்கா பாக்குற?" என்றால், "ஒண்ணுமில்லடி, சும்மா" என்பாள்.

அந்தப் பூட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கட்டினவனுக்குத் தெரியாமல் ஒருத்தி பூட்டி வைக்கிறாள் என்றால் அது நல்ல விஷயமாக இருக்காது என்று வெங்கடேசனின் சித்தி ஒருத்தி வாய் கூசாமல் சொன்னாள். வெங்கடேசன் மட்டும், "செத்தவங்க பூட்டினத நாம தொறக்கக் கூடாது ஷாலு. வுட்டுடு" என்றான். பெரிய மனசுக்காரன் என்று ஷாலினி நினைத்துக்கொண்டாள்.

இரண்டு பெண்களையும் பெற்ற ரத்தினம்மாள், அக்கா வருவதை ஷாலினி சொன்னதும், வேறு கணக்குப் போட்டாள். "மலைக்கு நீ வேண்டிக்கினது நின்னுகினு கீது. சாமி காரியம் நின்னா செத்தவ எப்படிடி அடங்குவா?"

வேண்டுதல் என்னவோ நிஜம். அக்காவுக்கு முடி கொட்டிய அன்று, தலையணையில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டே, 'முருகா, அக்கா தலையில மறுபடியும் முடி மொளைக்கட்டும். என் முடிய உனக்குத் தர்றேன்' என்று ஷாலினி வேண்டிக்கொண்டாள். அக்காவின் உயிரைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், அது போகப்போகிறது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். முருகனும் குறை வைக்கவில்லை. இனி பிரயோஜனம் இல்லை என்று டாக்டர்கள் மருந்தை நிறுத்தியதும் அக்காவின் தலையில் அரிசி நீளத்துக்கு முடி முளைத்தது. முளைத்த மூன்றாம் வாரம் அவள் போய்விட்டாள். கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டார். ஒழுங்காகக் கேட்கத் தெரியாதது இவள் தப்பு.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாலு பேரும் வெங்கடேசன் ஆட்டோவிலேயே திருத்தணி மலை ஏறினார்கள். மொட்டை போடும் மண்டபத்தில் புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குக் குடும்பம், தாத்தா முதல் கைக்குழந்தை வரை வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஷாலினியின் முறை வந்ததும், கத்திக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டே முடி எடுப்பவர் கேட்டார்: "பூ முடியாம்மா?" பெண்கள் பலர் அப்படித்தான், மூன்று கொத்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"ஆங், பூ முடிதான். வைகாசில கல்யாணம் வெச்சிக்கினு கீறோம்" என்றாள் ரத்தினம்மாள்.

"முழுசா எடுங்க" என்றாள் ஷாலினி.

அம்மா கத்தினாள், பாவா முகம் சுளித்தான். அவள் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு குனிந்துவிட்டாள். இடுப்பு வரை இருந்த முடி ஐந்து நிமிஷத்தில் தரையில் கிடந்தது. சந்தனம் வாங்கி வருகிறேன் என்று ரத்தினம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். தேஜு பலூன் கேட்டு அழ, வெங்கடேசன் அவளைத் தூக்கிக்கொண்டு கடைகள் பக்கம் போனான். ஷாலினி குளித்துவிட்டு, மதில் நிழலில் வந்து உட்கார்ந்தாள். தலையில் காற்றுப் பட்டது புதுசாக இருந்தது. எப்படித்தான் இருக்கிறோம் என்று பார்க்கலாம் என, தேஜுவுக்காகப் பையில் போட்டு வந்திருந்த அக்காவின் போனை எடுத்து செல்ஃபி கேமராவைத் திறந்தாள்.

திரையில் அக்கா இருந்தாள்.

அதே எடுப்பான கன்ன எலும்பு, அதே மடங்கிய காது. இத்தனை வருஷம் முடி மறைத்து வைத்திருந்த அக்கா அவள் முகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சுஜாதாதான். ஷாலினி போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அக்கா எல்லோருக்கும் எதிராகப் போட்ட பூட்டு, அதில் தானும் அடக்கம்தானே என்று ஒரு மனம் சொன்னது. இப்போது திறக்காவிட்டால் வைகாசி வந்துவிடும் என்று இன்னொரு மனம் சொன்னது. அவள் சாம்பல் கட்டத்தைத் தொட்டாள்.

வட்டம் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பச்சையானது. திறந்துவிட்டது. அது ஒன்றும் ஒஸ்தி போன் இல்லை. அக்கா எது, தங்கச்சி எது என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு அதற்கு விவரம் போதாது.

உள்ளே இருந்தது வரன் பார்க்கிற ஆப்.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தன் போட்டோவைப் பார்த்தாள். மணவூரில் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற அக்காவை வெட்டிவிட்டு, தோளில் கிடந்த அவள் கையை மட்டும் வெட்ட முடியாமல் விட்டிருந்தது. பேர் ஷாலினி. பதிவு செய்தவர், சகோதரி. கீழே மாப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்ற பகுதி. படிப்பு, எதுவானாலும் சரி. ஊர், எதுவானாலும் சரி. வேலை, எதுவானாலும் சரி. மண நிலை என்ற இடத்தில் மட்டும், இதுவரை திருமணம் ஆகாதவர். அதற்குப் பக்கத்திலேயே 'மனைவியை இழந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா அதைக் காலியாக விட்டிருந்தாள்.

முப்பது, நாற்பது பேருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். விரல் மரத்துப்போனவள், இவள் வெந்நீருக்கும் மருந்துக்கும் கீழே போன நேரம் பார்த்து, வாயால் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொண்டது போலிருக்கிறது. நிறுத்தமே இல்லாமல் பேச்சு மாதிரியே ஓடியது. அரக்கோணத்தில் ஒரு பையனின் அம்மாவுக்கு இப்படி: "அம்மா எனக்கு உடம்பு சரியில்ல நான் போறதுக்குள்ள என் தங்கச்சிக்கு முடிச்சிடணும் இல்லன்னா என் எடத்துல அவள உக்கார வெச்சிடுவாங்க எங்க வூட்டுக்காரர் நல்லவரு தான் அதுக்காக அவளுக்கு எதுக்கு அவரு ரெண்டு வருஷமா அவதான் என் வாந்தி எல்லாம் அள்ளிக் கொட்டினா அது போதும் அவ வாழணும்."

அந்த அம்மாள், 'ஜாதகம் அனுப்பவும்' என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தாள். தேதியைப் பார்த்தாள் ஷாலினி. அக்கா சாவதற்கு நாலு நாள் முன்னால்.

அவள் அழுதாள். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டுக்கு அனுப்பும்போதும் வராத அழுகை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு இந்தப் பைத்தியக்காரி தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடியிருக்கிறாளே, முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்திக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த தனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆத்திரமும் வந்தது.

தேஜுதான் முதலில் ஓடி வந்தாள். பலூனோடு வந்தவள் நாலடி தள்ளி அப்படியே நின்றாள். மொட்டைத் தலையைப் பார்த்தாள். பலூன் கையை விட்டுப் போனதுகூடத் தெரியவில்லை.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து ஷாலினியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த ரத்தினம்மாள் கோபுரத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டாள். "கேட்டீங்களா மாப்ள! கொழந்த வாயில வந்துடுச்சு. சாமி உத்தரவு குடுத்துடுச்சு!"

நியாயமாகப் பார்த்தால் குழந்தை கூப்பிட்டது அந்தத் தலையை. அதற்கு ஞாபகம் இருக்கிற அம்மா அப்படித்தான் இருந்தாள். ஆனால் மலைமேல் நின்றுகொண்டு யார் நியாயம் பார்க்கிறார்கள்? இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் இது முருகன் வாக்காகவே போய்விடும் என்று ஷாலினிக்குத் தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"பாவா, கடைசி நாளு அக்கா இன்னா சொன்னாங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

போனை நீட்டிக் காட்டியிருக்கலாம். அவள் காட்டவில்லை. முகத்தை மட்டும் அவனுக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்களிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். வெங்கடேசன் வாயைத் திறந்தான். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். பார்வையை வேறு பக்கம் திருப்ப முயன்று, முடியாமல் திரும்பவும் அந்த முகத்துக்கே வந்தான்.

"நீ ஒண்ணும் சொல்லல" என்றான். "அன்னிக்கு சாயங்காலம் நீ கண்ணே தொறக்கல. கொழந்தைய வெச்சிக்கினு நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்? பயந்துட்டேன். நானாத்தான் சொல்லிட்டேன், சுஜா. என்னை மன்னிச்சிடு."

ரத்தினம்மாளின் சந்தனக் கை பாதியில் நின்றது. வைகாசிக் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துபோனது மூன்று பேருக்கும் தெரிந்தது. அவன் யார் பேரைச் சொன்னான் என்பதும் தெரிந்தது. அவனைத் திருத்த ஷாலினிக்கு மனம் வரவில்லை. அந்த மன்னிப்பு அக்காவுக்குச் சேர வேண்டியது. சேரட்டும் என்று அசையாமல் நின்றாள்.

"அம்மா, தூக்கு" என்றாள் தேஜு.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தது.

"அம்மா இல்ல கண்ணு. நான் சித்தி."

"அம்மா எங்க?"

அந்த வீட்டில் பத்து மாதமாக ஊருக்குப் போயிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சாமியிடம் இருக்கிறாள் என்று ஆளுக்கொரு பொய் சொல்லி வந்தார்கள். ஷாலினியும்தான் சொல்லியிருந்தாள்.

"அம்மா செத்துட்டா கண்ணு" என்றாள். "இனிமே வர மாட்டா."