ஏவுகணை என்று நினைத்து

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எதிர்வீட்டுக் கிளாவ்தியா பெத்ரோவ்னா உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டே சொன்னது. அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: ‘புல்வெளிக்கு அடியில் மரணம் உறங்கிய அந்த ஊரில்…’ அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். “குழிக்குள்ள இருக்கு” என்பார்கள், அவ்வளவுதான்.

(கதைக்குள் ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.)

2

கிளாவ்தியாவின் கணவன் யெஃபீம், ஏவுகணைப் படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். முறை வரும்போது பூமிக்கடியில் ஏவுகணைக் குழிக்குள் இறங்கி, அதை ஏவும் சாவியோடு காத்திருந்துவிட்டு மேலே வருவான். வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. குடியிருப்புப் பெண்களுக்கு ஒன்று மட்டும் தெரியும்: இங்கிருந்து ஒன்று கிளம்பினால் பதிலுக்கு ஒன்று இங்கே வந்து விழும். நடுவே கொஞ்ச நேரம்தான் மிச்சம்.

பிறகு காலம் மாறியது. வயதான ஏவுகணைகளின் தலையிலிருந்து குண்டைக் கழற்றிவிட்டு, செயற்கைக்கோளை வைத்து அனுப்பலாம் என்று முடிவாயிற்று. முதல் ஏவுதல் என்றைக்கு என்று பழைய நண்பர்கள் யெஃபீமிடம் சொல்லியிருந்தார்கள். தங்கை வீட்டிலிருந்து முந்தைய நாள்தான் திரும்பியிருந்த கிளாவ்தியாவிடம் அவன் சொல்லவில்லை. [மறந்தானா, பழக்கதோஷமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே பொய்யாகத் தெரிந்தன.]

3

காலைச் சாப்பாட்டு நேரம். அலமாரியில் கண்ணாடிக் கிண்ணங்கள் நடுங்கின. ஜன்னலுக்கு வெளியே ஒரு புகைத்தூண், அதன் உச்சியில் நெருப்பு.

கிளாவ்தியா அடுப்பை அணைத்தாள். (ஏன் என்று கேட்டேன். “கஞ்சி தீஞ்சிரும்லப்பா” என்றார்.) கணவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“யெஃபீம், போயிருச்சு.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“இனி எதுக்கு மறைக்கணும்? நீ குழிக்குள்ள இறங்குன ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு திறந்து நீ மேல வரவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நீ இல்லாத நாள்லதான் இந்த வீட்ல நான் வாய்விட்டுச் சிரிச்சிருக்கேன்.”

ஒரு வார்த்தை போதும், அவளை நிறுத்த. அவன் சொல்லவில்லை.

“நீ கெட்டவன் இல்ல. அதுதான் இன்னும் கஷ்டம். கையக் குடு.”

கொடுத்தான். இருவரும் காத்திருந்தார்கள். சாவுக்காகக் காத்திருந்தது அவள் மட்டும்.

படிக்கட்டில் யாரோ கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு அல்ஸூ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “கிளாவா அத்தை, பாத்தீங்களா? செயற்கைக்கோளு எவ்வளவு அழகா மேல போச்சு!”

அல்ஸூ போனாள். கிளாவ்தியா கையை உருவிக்கொண்டாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் வாயத் தொறக்கல?”

“நீ எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லையே, கிளாவா.”

4

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போவதாக ஒரு முடிவு எழுதினேன். இருவரும் சிரித்துவிடுவதாக இன்னொன்று. ‘யெஃபீம் அன்று முதன்முறையாக…’ என்று ஒரு வரி பாதியில் நிற்கிறது.

உண்மையில் இருவரும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். “ஒவ்வொரு தடவை ராக்கெட் போகும்போதும் எதிர்ல வந்து உக்காந்துக்கிறான்” என்றார் கிளாவ்தியா பெத்ரோவ்னா. “‘இன்னும் ஏதாவது சொல்லணுமா’ன்னு கேக்கிறான்.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

சொன்னார். எழுதினேன், அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. உங்கள் பதிலைப் போட்டுக்கொள்ளுங்கள். யெஃபீமின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிற பதிலாக மட்டும் இருக்கட்டும்.